அடிக்குரலில் இரண்டு பேர்

எங்களுடையது சின்னச் சபை. ஞாயிறு காலை ஆராதனைக்கு நாற்பத்து மூன்று பேர் வருவோம். யாருக்கும் சளி பிடிக்காமல், யார் வீட்டுக்கும் விருந்தாளி வராமல் இருந்தால் நாற்பத்தாறு. அதில் பதினோரு பேர் பாடகர் குழு. பாடுகிற ஒருவருக்குக் கேட்கிறவர் மூன்று பேர்கூடத் தேற மாட்டார்கள். இருந்தாலும் கடல் கடந்து ஜனங்கள் திரண்டு வந்து கேட்கிற மாதிரிதான் நாங்கள் தொண்டையைச் செருமிக்கொள்வோம்.

பதினோரு பேரில் ஆறு பேர் மேல்குரல் பாடும் பெண்கள். ஆறு பேருமே தலைவிகள். அதில் ஒருத்தி என் மனைவி. அவர்களுக்குக் கீழே ஆல்டோ, அதாவது பெண்களில் தணிந்த குரல், இரண்டு பேர். ஆண்களில் உச்சக்குரல் பேக்கரிக்காரர் ஒருவர்தான். அவர் ஒரு பாட்டைப் பாடி முடித்தால் முன் வரிசையில் இருப்பவர்களுக்கு முகம் கழுவிய சுகம் கிடைக்கும். மிச்சம் இரண்டு பேர் பேஸ், அதாவது அடிக்குரல். தரையோடு தரையாக நடந்து போகிற குரல். அது நானும் பூட்டும்.

பூட்டு என் சிநேகிதன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அலமாரி அகலத்தில் ஒரு கடை வைத்துப் பூட்டுகள் பழுது பார்த்தவன். கடைக்குள் அவன் திரும்பி உட்கார வேண்டுமென்றால் தெருவுக்கு வந்து திரும்பிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நான் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன். முப்பத்து நாலு வருஷம். இந்த ஊரில் என்னைக் கடிக்காத நாய் ஒன்று இருந்தால், அது நான் ஓய்வு பெற்ற பிறகு பிறந்ததாக இருக்கும். அவனுக்கு நான் மீட்டர். எனக்கு அவன் பூட்டு. அப்பா அம்மா வைத்த பெயர்கள் திருமணப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கின்றன.

சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்துப் பெஞ்சுகளைத் துடைப்பது எங்கள் வேலை. அவன் இடது ஓரத்திலிருந்து ஆரம்பிப்பான், நான் வலது ஓரத்திலிருந்து. நடுவில் சந்திக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுவோம். துடைப்பது கால் மணி நேரம், உட்காருவது முக்கால் மணி நேரம். புதன்கிழமை பாட்டுப் பயிற்சி. அது முடிந்து நடந்து வந்தால் ஒரு முக்கில் அவனுக்கு இந்தப் பக்கம், எனக்கு அந்தப் பக்கம். அந்த முக்கில் நாங்கள் நின்று பேசிய நேரத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு ஆள் பள்ளிக்கூடம் போய், படித்து, வேலைக்குச் சேர்ந்து, ஓய்வும் பெற்றிருக்கலாம்.

இவ்வளவு நெருக்கமான சிநேகிதனிடமும் நான் முப்பத்தொரு வருஷமாக ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன். எனக்கு நோட்டு படிக்கத் தெரியாது.

நோட்டு என்றால் பாட்டின் மேல் போட்டிருக்கும் ஸ்வரக் குறிப்பு. எழுத்தும் புள்ளியும் நட்டுவைத்த கோலுமாக, எறும்புகள் ஊர்வலம் போகும்போது நடுவழியில் அடிதடி ஆனது போல இருக்கும். நாங்கள் குழுவில் சேர்ந்த அன்று பழைய மாஸ்டர், "ரெண்டு பேருக்கும் நோட்டு படிக்க வருமில்ல?" என்று கேட்டார். பூட்டு தலையாட்டினான். அவன் ஆட்டும்போது நான் ஆட்டாமல் இருந்தால் நன்றாக இருக்குமா? ஆட்டினேன். காகிதத்தை வீணாக்குவது கொலைக்கு அடுத்த பாவம் என்று நம்பியவர் அந்த மாஸ்டர். இரண்டு பேருக்கு ஒரு தாள்தான் கொடுப்பார். தாளின் இடது ஓரம் பூட்டின் கையில், வலது ஓரம் என் கையில். அவன் தாளைப் பார்ப்பான். நான் தாளைப் பார்ப்பது போல அவனைப் பார்ப்பேன்.

பார்க்கப் பார்க்க அது ஒரு வித்தையாகிவிட்டது. அவன் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டால் வரி ஆரம்பிக்கப்போகிறது. தொண்டை முடிச்சு மேலே ஏறினால் ஸ்வரமும் மேலே, இறங்கினால் கீழே. அவன் வாயிலிருந்து வருவதை ஒரு இமைப்பொழுது பின்னால் நானும் பாடிவிடுவேன். ஒரே குரல் போல இருக்கிறது என்று சபையே மெச்சும்.

ஒரே ஒரு குறை. எங்கள் சபையில் பாட்டுகள் கொஞ்சம் மெதுவாகப் போகும். கொஞ்சம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர் இரண்டாம் சரணத்தில் உட்கார்ந்தார், மூன்றாம் சரணத்தில் கண்ணயர்ந்தார், நாலாம் சரணத்தில் எழுந்து நின்று ஆமென் சொன்னார். எதையும் அவர் தவறவிடவில்லை. பழைய மாஸ்டருக்குப் பிறகு குழுவை நடத்துகிற பெண் பல் டாக்டர். "முதல் சரணத்துல பால்பல் விழுந்த குழந்தைக்குக் கடைசிச் சரணத்துல புதுப் பல்லே முளைச்சிடும்" என்பாள். காரணம் தேடாத நாள் இல்லை. கீபோர்டு பழசு என்றார்கள். மாற்றினார்கள். மின்விசிறியின் சுழற்சி மனசை இழுக்கிறது என்றார்கள். அதையும் மாற்றினார்கள். பாட்டு நத்தையாகவே ஊர்ந்தது.

பிறகு பூட்டு ஊரைவிட்டுப் போனான்.

அவன் மகள் பேருந்தில் ஐந்து மணி நேரம் போகிற தூரத்தில் ஒரு நகரத்தில் நர்ஸ். மருமகன் கப்பலில் வேலை. கரையில் இருப்பதைவிட கடலில் இருப்பதே அதிகம். மனைவி இறந்த பிறகு பூட்டு தனியாகத்தான் இருந்தான். மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. "ரெண்டு மாசம் இருந்து பார்த்துட்டு வந்துடறேன்டா" என்று ஒரு பையோடு கிளம்பினான். கடைச் சாவியை என்னிடம் கொடுக்கவில்லை, அவ்வளவு சீக்கிரம் வந்துவிடப் போகிறானாம்.

ஒன்பது மாதம் ஆனது.

சனிக்கிழமை வலது ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தால் இடது ஓரம் வரைக்கும் நானேதான். நடுவில் யாரும் எதிர்ப்படவில்லை. எந்த இடத்தில் உட்காருவது என்று தெரியாமல் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிடுவேன். "சீக்கிரம் வந்துட்டீங்களே, பெஞ்சையெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?" என்பாள் மனைவி. புதன்கிழமை முக்கில் கால்கள் தானாக நின்றுவிடும். ஒரு முறை அப்படி நின்றுகொண்டிருந்தவனிடம் ஒருவர் வழி கேட்டார். அவரைப் பிடித்து நிறுத்தி இருபது நிமிஷம் பேசினேன். அவர் போகவேண்டிய தெருவைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பாடும்போது? வாயைத் திறந்து மூடினேன். தொட்டி மீன் மாதிரி. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அந்த மாதங்களில் பாட்டுகள் வேகமாகிவிட்டன! ஆராதனை பன்னிரண்டு நிமிஷம் முன்னதாக முடிந்தது. போதகரின் மனைவி வீட்டில் அடுப்பை அணைக்கச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். புது கீபோர்டு இப்போதுதான் பழகிவருகிறது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அப்படியே மீனாக வாழ்ந்து முடித்திருப்பேன். சபைக்கு ஐம்பது வருஷம் நிறைகிற நாள் வந்து கெடுத்தது. ஆறு வாரம் இருக்கும்போது பல் டாக்டர் ஒரு புதுப் பாட்டைக் கொண்டுவந்தாள்.

"மூணாவது சரணத்துல முதல் நாலு வரி பேஸ் மட்டும்தான். கீபோர்டு கிடையாது. மத்த எல்லாரும் வாயை மூடிக்கணும்" என்றாள். வாயைத் திற, மூடு என்று சொல்வதில் அவளுக்கு வாரத்தில் ஆறு நாள் பழக்கம். பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கிள், பூட்டு அங்கிள் வருவாரா?"

"வருவான்மா. வராம எப்படி?"

"வரலைன்னா நீங்க தனியாப் பாடிடுவீங்கல்ல? முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, அந்த நாலு வரியை கீபோர்டுக்குக் கொடுத்துடறேன். அப்புறம் பேஸே வேணாம்."

என் மனைவி மேல்குரல் வரிசையிலிருந்து திரும்பி, "அவர் பாடுவார். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்" என்றாள். பெருமையோடு சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்கு ஏறிப் பூட்டைக் கூப்பிட்டேன்.

"டேய் பூட்டு, ஒரு ஆபத்து."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நாலு வரி. தனியாப் பாடணும்."

"பாடேன். நல்லாத்தானே பாடுவ."

"விளையாடாத. அம்பதாவது வருஷம்டா. நீ வந்துடு. பக்கத்துல வந்து நின்னுடு, போதும்."

"வரேன்டா. அன்னைக்கு வராம இருப்பேனா?"

அந்த ஒரு சொல்லில் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த வாரம், "வரப் பார்க்கறேன்" என்றான். அதற்கடுத்த வாரம், "பார்க்கலாம்." நாலாவது வாரம் நான் கேட்பதற்கு முன்னாலேயே, "சின்னவனுக்குப் பல் முளைக்குதுடா, கடிச்சு வைக்கறான்" என்று வேறு எங்கோ போய்விட்டான். பத்து நாள்தான் பாக்கி. தாளைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். போய் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு.

"நாலு வரிக்கு அஞ்சு மணி நேரம் பஸ்ஸா?" என்றாள் மனைவி. "பாட்டு முழுசா இருந்தா விமானத்துலதான் போவீங்களா?"

நாலாவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் தட்டினேன். திறந்தவன் பூட்டுதான், ஆனால் பாதிப் பூட்டு. அப்படி இளைத்திருந்தான். இரண்டு தோளிலும் துண்டு. இரண்டு துண்டின் மேலும் ஆளுக்கொரு தோளாகக் குழந்தைகள். ஒன்பது மாதம் பிரிந்திருந்த சிநேகிதனைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை:

"சத்தம் போடாத."

போடவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள், மதியம் டியூட்டியாம். கொடியில் குட்டிக்குட்டிச் சட்டைகள், ஒரு பட்டாளத்துக்குப் போதுமானவை. அலமாரிக் கதவுகள், சமையலறை இழுப்பறைகள், மருந்துப் பெட்டி எல்லாவற்றிலும் தாழ்ப்பாள். ஊரில் பூட்டைத் திறந்தே பிழைத்தவன் இங்கே எல்லாவற்றையும் மூடிவைத்திருந்தான். குழந்தைகள் தவழ ஆரம்பித்துவிட்டார்களாம்.

குளிர்பெட்டியின் மேல் மகளின் டியூட்டி அட்டவணை ஒட்டியிருந்தது. எங்கள் ஐம்பதாவது வருஷ ஞாயிற்றுக்கிழமையில் சிவப்பு வட்டம். காலை ஏழு முதல் சாயங்காலம் வரை. அதற்கு முந்தின நாளிலும் வட்டம். நான் அதைப் பார்ப்பதைப் பூட்டு பார்த்தான். இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

பெரியவனை என் தோளுக்கு மாற்றிவிட்டான். உட்கார்ந்து கிசுகிசுக்க ஆரம்பித்தோம். இரண்டு அடிக்குரல்கள் கிசுகிசுத்தால் பக்கத்து வீட்டில் மாவு மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும்.

"இங்க சர்ச்சுக்குப் போறியாடா?"

"இவளுக்கு லீவு கிடைக்கற ஞாயிறு போவேன். பெரிய சர்ச். ஆயிரம் பேர். பாட்டு சுவத்துல திரையில வரும். பக்கத்துல நிக்கறவன் யாருன்னு யாருக்கும் தெரியாது."

"பாடுவியா?"

"வாயைத் தொறந்து மூடுவேன்."

எனக்கு எங்கோ சுருக்கென்றது. "ஏன்டா?"

"நீ இல்லாம எப்படிப் பாடறது?"

அன்பில் சொல்கிறான் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டேன். அவன் அதைப் பார்த்து, "அழாதடா, நான் பாசத்துல சொல்லலை. நிஜமாவே பாட முடியாது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முப்பத்தொரு வருஷமா முழிச்சிட்டு இருக்கேன். எனக்கு நோட்டு படிக்கத் தெரியாது" என்றான்.

"என்னது?"

"மெதுவாப் பேசு. நீ மூச்சு இழுப்பல்ல, அதைக் கேட்டுத்தான் நான் ஆரம்பிப்பேன். அப்புறம் உன் தாடையைப் பார்த்துக்கிட்டே போயிடுவேன்."

"டேய்! நான் உன் மூச்சைக் கேட்டுல்ல ஆரம்பிப்பேன்!"

"போடா."

"சத்தியமா. மாஸ்டர் கேட்டப்ப நீதானேடா முதல்ல தலையாட்டின?"

"நான் எங்க ஆட்டினேன்? சட்டைக் காலர் குத்துச்சு, கழுத்தைத் திருப்பினேன். அதுக்குள்ள நீ பெரிசா ஆட்டிட்ட. சரி, இவனுக்குத் தெரியும்போலன்னு நானும் ஆட்டிட்டேன்."

முப்பத்தொரு வருஷம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து பாட்டு. நான் அவனுக்காகக் காத்திருந்தேன். அவன் எனக்காகக் காத்திருந்தான். இரண்டு பேரும் காத்திருந்த இடைவெளியில் சபையே காத்திருந்தது. தாளைத் திருப்ப வேண்டிய இடத்தில்கூட அவன் திருப்புவான் என்று நானும் நான் திருப்புவேன் என்று அவனும்... அதனால்தான் கடைசிச் சரணம் எப்போதும் மனப்பாடமாகவே போயிற்று. ஒரு கீபோர்டையும் ஒரு மின்விசிறியையும் அநியாயமாகத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

சிரிப்பு வந்தது. சத்தம் போடக் கூடாது. வாயை இறுக மூடிக்கொண்டு சிரித்தோம். தோள்கள் குலுங்கின. தோளில் இருந்த குழந்தைகளும் குலுங்கின. பெரியவன் விழித்துக்கொண்டு, தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தான். சின்னவன் எதைப் பற்றியும் கவலைப்படாமல் பூட்டின் காதைக் கடித்தான். எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அதில் எவ்வளவு சிரிப்பு என்று அளக்க என்னிடம் மீட்டர் இல்லை.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மகள் வந்தாள். "மாமா, எப்ப வந்தீங்க? ரெண்டு பேரும் ஏன் இப்படி அழுதுட்டு இருக்கீங்க?"

சொன்னோம். அவளுக்குச் சிரிக்கத் தடை ஒன்றும் இல்லை. வீடு அதிரச் சிரித்தாள். பிறகு என் பையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தாள். சின்ன வயதில் எங்கள் ஆலயத்து ஞாயிறு பள்ளியில் இவளுக்கு நோட்டு சொல்லிக் கொடுத்தவர் அதே பழைய மாஸ்டர். அப்பாவின் பரம்பரை ஞானம் என்று அவர் மெச்சுவாராம்.

"இது ஒன்னும் கஷ்டமில்லையே. அப்பா, இங்க பாருங்க. கோலுக்குக் கோல் நாலு எண்ணிக்கை. ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. மாமா, நீங்க ஒன்னுலயே ஆரம்பிக்கணும். ஒன்னு யாருக்கும் நிக்காது. யாரு மூச்சையும் கேக்கக் கூடாது, யாரு முகத்தையும் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்குங்க, ரெண்டு பேரும்."

மூடினோம். அந்த நாலு வரியை இரண்டு தடவை பாடிக் காட்டிவிட்டு, ஒரு கரண்டியால் மேசை விளிம்பில் தட்டினாள். முதல் தடவை நான் ஒன்றில் ஆரம்பித்தேன், பூட்டு இரண்டில். அடுத்த தடவை அவன் ஒன்றில், நான் மூன்றில். "கண்ணைத் தொறக்காதீங்க மாமா! ஓரக்கண்ணால பார்க்கறது எனக்குத் தெரியுது!" ஒன்பதாவது தடவையா பதினெட்டாவது தடவையா தெரியாது, திடீரென்று இரண்டு குரலும் ஒரே கணத்தில் தரையில் கால் வைத்தன. நாலு வரியும் அப்படியே நடந்து போயின. யாரும் யாருக்கும் பின்னால் இல்லை. கண்ணைத் திறந்தால், குழந்தைகள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

முப்பத்தொரு வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சரியாகப் பாடியது அந்த ஒரு தடவைதான். கேட்டவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு இன்னும் பல் சரியாக முளைக்கவில்லை.

பூட்டு குழந்தைகளைக் குளிப்பாட்டப் போனான். மகள் சீருடை மாற்றிக்கொண்டு வந்து சமையலறையில் தண்ணீர் புட்டியை நிரப்பினாள். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, மறைக்காம சொல்லுங்க. அப்பாவைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?"

நான் தேநீரைப் பார்த்தேன்.

"அவருக்கு அங்கேயேதான் மனசு. தூக்கத்துல பெஞ்சு துடைக்கறேன்னு சொல்லிப் போர்வையைத் தேய்க்கறார். போகணும்னா போகட்டும் மாமா. நான் எப்படியாவது பார்த்துக்கறேன்."

இதைச் சொல்லும்போது அவள் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ மூடியாகிவிட்டது. குளியலறையிலிருந்து பூட்டின் குரல் கேட்டது. சின்னவன் தண்ணீருக்கு அலறினான், அவன் எதையோ சொன்னான், அலறல் நின்றது. அந்தக் குரலுக்கு ஒரு அலறல் நிற்கிறது. எங்கள் சபையில் அது நாற்பத்து மூன்று பேரையும் நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான்.

"உங்க அப்பனைக் கூட்டிட்டுப் போகவா?" என்றேன். "நல்லாச் சொன்னம்மா. அவன் கிளம்பினதுல இருந்து ஆராதனை பன்னிரண்டு நிமிஷம் முன்னாடியே முடியுது. சபையே சந்தோஷமா இருக்கு. அவன் திரும்பி வரான்னு தெரிஞ்சா பேக்கரிக்காரர் கடையை மூடிட்டு ஊரைவிட்டே ஓடிடுவார். பாட்டுல ஒரு சந்தேகம், கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். தீர்த்து வச்சுட்ட. நீ நல்லா இருப்ப."

அவள் சிரித்தாள். புட்டியைப் பையில் வைத்தாள். செருப்பு மாட்டும்போது என் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள்.

நான் கிளம்பும்போது குழந்தைகள் தூங்கிவிட்டன. பூட்டு படிக்கட்டு வரை வந்தான். கதவைச் சாத்தாமல் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு நின்றான்.

"கேக்காமலே போறியேடா" என்றான்.

"எதை?"

"அதான்."

"கேட்டா வருவியா?"

"வர மாட்டேன்." கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே, "ஆனா நீ கேட்டிருக்கலாம்" என்றான்.

நான் இரண்டு படி இறங்கியிருந்தேன். ஏறி வந்தேன்.

"வந்துடுடா."

"முடியாதுடா."

"சரி."

பேருந்தில் ஐந்து மணி நேரமும் ஜன்னல் கம்பியில் ஒன்று இரண்டு மூன்று நாலு தட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை இடம் மாறினார். அதற்குப் பிறகு பத்து நாளும் தட்டினேன். சாப்பாட்டு மேசையில் தட்டினேன், குளியலறை வாளியில் தட்டினேன். மனைவி, "கதவைத் தவிர எல்லாத்தையும் தட்டறீங்க" என்றாள்.

அந்த ஞாயிறு வந்தது. நாற்பத்தாறு என்ன, எழுபது பேர். பழைய ஆட்கள், பழைய ஆட்களின் பிள்ளைகள், வழி தவறி வந்த இரண்டு பேர். நான் அடிக்குரல் வரிசையில் தாளின் இரண்டு ஓரத்தையும் நானே பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசை என்றால் நான் ஒருவன்தான். இரண்டாம் சரணம் முடிந்தது. கீபோர்டு நின்றது. பல் டாக்டர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அமைதி. அந்த அமைதியில் இடது காது பழக்கதோஷத்தில் ஒரு மூச்சைத் தேடிப் போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டு, கண்ணை மூடி, ஒன்று என்று ஆரம்பித்தேன்.

வந்தது. என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஆள் நம்பகமானவன். நன்றி சொல்கிற நாலு வரி. முதல் வரியில் கண்ணை மூடியே இருந்தேன், இரண்டாவதில் திறந்தேன், மூன்றாவதில் போதகர் கண்ணாடியைக் கழற்றினார், நாலாவது வரி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பல் டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். எல்லாம் அவள் பார்த்துக்கொள்கிற பற்கள், பளபளத்தன. மேல்குரல் வரிசையில் என் மனைவி தலையை நிமிர்த்திய விதத்தைப் பார்த்தால் ஆலயத்தைக் கட்டியதே நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் மொட்டைமாடியில் பூட்டைக் கூப்பிட்டேன்.

"என்னடா ஆச்சு? காலையில இருந்து போனையே பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"கூரை போச்சு" என்றேன். "ஓடு மொத்தமும் பறந்து பக்கத்துத் தெருவுல விழுந்துச்சு. எழுபது பேரும் எழுந்து நின்னாங்க. வெளிய நாயெல்லாம் வரிசையா உக்கார்ந்து கேட்டுச்சு. என்னைக் கடிச்ச நாய்கள்டா, மன்னிப்பு கேட்டுட்டுப் போச்சு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நிஜமா சொல்லு. ஒன்னுலயா ஆரம்பிச்ச?"

"ஒன்னுலயே."

"யாருக்கும் காத்திருக்கலையே?"

"இல்லடா."

"நல்லது" என்றான். சிரிப்பு அடங்கியிருந்தது. "ரொம்ப நல்லது. அப்புறம் நாலாவது சரணம்? எல்லாரும் சேர்ந்து பாடறதுதானே?"

இதற்கும் ஏதாவது அளக்கலாம் என்று பார்த்தேன்.

"நாலாவது சரணம் நான் பாடலைடா" என்றேன். "என் நாலு வரி முடிஞ்சுது. எல்லாரும் சேர்ந்துக்கிட்டாங்க. எண்ணிக்கை எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா நின்னுட்டேன். அவங்க பாடி முடிக்கற வரைக்கும் சும்மா நின்னேன்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்றும்.

"இருடா, வெச்சுடாத" என்று சொல்லிவிட்டு அவன் போனை எங்கோ வைத்தான். காலடிச் சத்தம் போனது. தாழ்ப்பாள் ஒன்று விலகியது. அழுகை பக்கத்தில் வந்து, தோளில் ஏறி, மெல்லத் தேய்ந்தது. அப்புறம் அவன் முனக ஆரம்பித்தான். அந்த நாலு வரிதான். முதுகில் தட்டுகிற சத்தம் அளவாக விழுந்தது, ஒவ்வொரு ஒன்றிலும் அவன் குரல் சரியாக வந்து நின்றது. முடித்தான். மறுபடி ஆரம்பித்தான்.

துணி எடுக்க வந்த என் மனைவி, "யாரு பேசறா?" என்றாள்.

"யாரும் பேசலை."

"அப்புறம் எதுக்குக் காதுல வச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"கொஞ்சம் இரு" என்றேன்.